கோப்பைகளை யார் கழுவுவது?

“கடவுள் இருக்காரா இல்லையான்னே முடிவு பண்ணாதவங்க எதுக்கு மேடம் வாராவாரம் சர்ச்சுக்குப் போறாங்க?”

பக்தி இலக்கிய வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். காரைக்காலம்மையார் தன் உடலழகை உதறிப் பேயுரு வேண்டியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில், அமெரிக்காவில் ஓராண்டு தமிழ் கற்பிக்கப் போயிருந்தபோது நான் சென்றுவந்த யூனிடேரியன் சபையைப் பற்றிச் சொன்னேன். கடவுளை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் அங்கே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடுவார்கள் என்றேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. “பழக்கம்தான்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது பதிலல்ல என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

வழிபாட்டிலிருந்து நம்பிக்கையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? அவள் கேள்வியை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பெண்களாகிய நமக்கு இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. எதை நம்ப வேண்டும் என்பதற்கான சொற்களை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அந்த மிச்சத்தைக் காலங்காலமாகச் செய்துவந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

யூனிடேரியன் என்ற பெயரே ஒரு மறுப்பிலிருந்து பிறந்தது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்தை ஏற்காமல் இறைவன் ஒருவனே என்றவர்கள் 16ஆம் நூற்றாண்டில் போலந்திலும் டிரான்சில்வேனியாவிலும் சபைகளாகத் திரண்டார்கள். அமெரிக்காவில் 1961இல், மீட்பு எல்லோருக்கும் உண்டு என்று சொன்ன யூனிவர்சலிஸ்டுகளோடு அவர்கள் இணைந்தார்கள். இன்று அங்கே விசுவாசப் பிரமாணம் என்று எதுவும் கிடையாது. உறுப்பினராக வேண்டுமானால் ஒரு பேரேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான்.

இது முழுக்க வெள்ளைக்காரர் சங்கதி என்று நினைத்துக்கொண்டுதான் நானும் போனேன். பிறகு அங்கிருந்த நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். 1795இலேயே சென்னையில் ஒரு தமிழர் யூனிடேரியன் சபை தொடங்கியிருக்கிறார். வில்லியம் ராபர்ட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். ஆங்கிலேயரிடம் வேலைக்காரராக இருந்தவர். 1813இல் புரசைவாக்கத்தில் சிறு ஆலயமும் கட்டினார். வழிபாட்டைத் தமிழில் நடத்தினார். எசமானர்களின் மதத்தை வாங்கிக்கொண்டு, அதன் மையக் கோட்பாட்டைத் தானே யோசித்து மறுத்திருக்கிறார் ஒரு வேலைக்காரர். புரசைவாக்கத்தில் புடவை எடுக்க எத்தனை தடவை போயிருப்பேன்! அதைத் தெரிந்துகொள்ள எனக்குக் கடல் தாண்ட வேண்டியிருந்தது.

நான் போன சபையில் ஞாயிறு காலை பத்தரை மணிக்கு வழிபாடு. முதலில் கிண்ணம்போன்ற ஒரு விளக்கை ஏற்றுவார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அகதிகளுக்கு உதவிய யூனிடேரியன் சேவைக் குழுவுக்காக 1941இல் ஹான்ஸ் டாய்ச் என்ற ஓவியர் வரைந்த சின்னம் அது. அவரும் நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். பிறகு எல்லோரும் எழுந்து நின்று உடன்படிக்கையை வாசிப்பார்கள். ஒரு பாட்டு. குழந்தைகளை முன்னால் உட்காரவைத்து ஒரு கதை. கதை முடிந்ததும் குழந்தைகள் தங்கள் வகுப்புக்கு ஓடிவிடுவார்கள். சிறிது நேர மௌனம். பிரசங்கம் சில வாரம் பைபிளிலிருந்து, சில வாரம் புத்தரிடமிருந்து, சில வாரம் ஆற்று நீர் மாசுபடுவதைப் பற்றி. காணிக்கைத் தட்டு சுற்றி வரும். விளக்கை அணைத்ததும் பக்கத்து அறையில் காபி.

உடன்படிக்கை என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். விசுவாசப் பிரமாணம் ‘நான் நம்புகிறேன்’ என்று தொடங்குகிறது. உடன்படிக்கை ‘நாங்கள் இதைச் செய்வோம்’ என்கிறது. உண்மையைச் சேர்ந்து தேடுவோம், ஒருவருக்கொருவர் துணையிருப்போம் என்பதுபோல நாலைந்து வரி. எதையாவது நம்பு என்று என்னை யாரும் கட்டளையிட முடியாது. என்னை நானே கட்டளையிடவும் முடியாது. நம்பிக்கை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆனால் அடுத்த ஞாயிறு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்க முடியும். வாக்கைக் காப்பாற்றவும் முடியும், தவறவும் முடியும். அறம் தொடங்கும் இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மனதுக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, வந்தாயா என்பது முக்கியமாகிறது.

மௌனத்துக்குப் பின் சந்தோஷங்களுக்கும் துக்கங்களுக்குமான நேரம் வரும். மணல் நிரப்பிய தட்டு ஒன்று முன்னால் இருக்கும். விரும்பியவர் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, ஒன்றிரண்டு வாக்கியம் சொல்லலாம், சொல்லாமலும் திரும்பலாம். ஒரு கிழவர் தன் நாய் இறந்ததைச் சொல்வார். ஒரு பெண் வியாழக்கிழமை பயாப்சி என்பாள். ஒரு பையன் டிரைவிங் லைசென்ஸ் வாங்கிவிட்டேன் என்பான். யாரும் ஆறுதல் சொல்வதில்லை, விளக்கம் தருவதில்லை. கேட்டுக்கொள்வார்கள். அடுத்தவர் வருவார்.

சில மாதங்கள் நான் பெஞ்சைவிட்டு எழவில்லை.

அங்கே போவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் என் அம்மா இறந்திருந்தாள். நான் ஒரே மகள். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். பாடை கிளம்பியதும் பெண்கள் எல்லோரும் தெருமுனைவரை போய் நின்றோம். பிறகு திரும்பிக் குளித்துவிட்டு, கழுவிவிட்ட வீட்டின் ஈரத்தில் உட்கார்ந்தோம். ஒப்பாரியைப் பற்றிக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்தவள் நான். பெண்ணுக்குச் சுடுகாட்டில் இடம் ஏன் இல்லை என்று வகுப்பில் கேட்பவள். அன்று என்னை யாரும் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. நானே நின்றேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

நம் ஊரில் பெண்களுக்குத் துக்கத்தைச் சபையில் சொல்ல ஓர் இடம் இருந்தது, அதுதான் ஒப்பாரி. செத்தவரை அழும் சாக்கில், அண்ணன் சீர் செய்யாததையும் மாமியார் வீட்டில் பட்டதையும் பெண்கள் ஊரறியச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அதற்கு ஒரு பிணம் விழ வேண்டியிருந்தது. பதினாறாம் நாளோடு அந்த உரிமையும் முடிந்துபோகும். படித்து வேலைக்குப் போன என் தலைமுறை ஒப்பாரியைக் கைவிட்டது. அதன் இடத்தில் வேறொன்றும் வைக்கவில்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு எழுந்து போனேன். தீக்குச்சியைக் கிழித்து மெழுகுவர்த்தியை ஏற்றிய பிறகும் ஆங்கிலத்தில் வாக்கியம் அமையவில்லை. தமிழில் சொன்னேன்: “அம்மா, தெருமுனையிலேயே நின்னுட்டேன்.” அங்கிருந்த ஐம்பது அறுபது பேரில் ஒருவருக்கும் அது புரிந்திருக்காது. மினிஸ்டர் தலையசைத்தார். எனக்குப் பின்னால் நின்றவர் மெழுகுவர்த்தியை எடுத்தார்.

அது பிரார்த்தனையா? அம்மா எங்கோ இருந்து கேட்கிறாள் என்று நான் நம்பவில்லை. கடவுளிடம் சொன்னதாகவும் எண்ணம் இல்லை. ஆனால் தனியறையில் அதே வாக்கியத்தை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்போது நடக்காத ஏதோ அன்று நடந்தது. கேட்பதற்கென்றே வந்து உட்கார்ந்திருந்த மனிதர்கள் முன் சொன்னேன். அவர்களுக்கு மொழி தெரியாது. ஆனால் ஒருத்தி ஒன்றைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாள் என்பது தெரியும். காபி நேரத்தில் ஒரு வயதான அம்மா என்னிடம் வந்து, “யாருக்காக?” என்று கேட்டார். சொன்னேன். “உன் அம்மாவின் பெயர் என்ன?” என்றார். பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் மறக்காமல், அதே தப்போடு, திரும்பச் சொன்னார்.

சரி, இத்தோடு முடித்தால் இது புகழ்மாலையாகிவிடும். அந்தக் காபி அறைக்குள் போக வேண்டும்.

சமையலறைச் சுவரில் யார் எந்த வாரம் காபி போடுவது, கோப்பை கழுவுவது என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் அநேகமாக எல்லாம் பெண்களின் பெயர்கள். ஹாலில் சிந்தனைச் சுதந்திரத்தைப் பற்றி ஆழமாக விவாதித்துவிட்டு, ஆண்கள் கோப்பையை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் காருக்குப் போவார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர்ப் பட்டிமன்றம் முடிந்து மேடை கலைவதும் இப்படித்தான்.

இத்தனைக்கும் பெண்களுக்குக் கதவைத் திறந்ததில் இந்த மரபு முன்னால் நிற்கிறது. யூனிவர்சலிஸ்டுகள் 1863இலேயே ஒலிம்பியா பிரவுனைப் போதகராக அபிஷேகம் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அயோவாவிலும் சுற்றுப்புற மாநிலங்களிலும் மேரி சாஃபோர்ட், எலனர் கார்டன் முதலிய யூனிடேரியன் பெண் போதகர்கள் பல சபைகளை வளர்த்தார்கள். ஆலயத்தை வீட்டைப்போல ஆக்கினார்கள்: கணப்படுப்பு, சமையலறை, வாசிப்பு வட்டம் கூடும் அறை, வாரநாட்களிலும் ஆள் நடமாட்டம். வீட்டுக்குள் பெண்கள் இலவசமாகச் செய்த பராமரிப்பைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்து, இதுதான் சமயம் என்றார்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில், போதகர் பணிக்கு ஆண்மை வேண்டும் என்ற குரல் ஓங்கியது. அந்தப் பெண்களுக்குப் பின் வந்தவர்களுக்கு வாய்ப்புகள் சுருங்கின. ஆனால் சமையலறைகள் அப்படியே இருந்தன. மேடை பறிபோனபோதும் அடுப்படி மட்டும் பெண்களிடம் தங்கிவிட்டது.

1977இல் அமெரிக்க யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட் பொதுப்பேரவை, பெண்களும் சமயமும் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. பாட்டிலும் வழிபாட்டிலும் கோட்பாட்டிலும் பெண்ணைச் சிறுமைப்படுத்தும் மொழியைத் தேடிக் களையச் சொன்னது. அதைத் தொடர்ந்து 1980இல் மிஷிகனில் பெண்கள் கூடியபோது, கேரலின் மெக்டேட், லூசில் லாங்வியூ என்ற இருவர் ஒரு சடங்கை உருவாக்கினார்கள். அவரவர் ஊரிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்து ஒரே பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். இன்று எத்தனையோ சபைகளில் செப்டம்பர் தோறும் அது நடக்கிறது. நான் ஊற்றியது குழாய்த் தண்ணீர்தான்; தாமிரபரணி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தண்ணீர் எடுப்பதும் சுமப்பதும் பெண்ணின் வேலை என்றால், அதையே வழிபாட்டின் நடுவில் வைப்போம் என்ற யோசனை எனக்குப் பிடித்திருந்தது. பாத்திரத்தை யார் துலக்கினார்கள் என்றும் பார்த்தேன். நிலைமை பெரிதாக மாறவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சபையில் பெரும்பாலும் வெள்ளையர்கள், படித்தவர்கள், வசதியானவர்கள். ஒருவர் என்னிடம், “உங்கள் நாட்டில் ஆன்மிகம் எவ்வளவு ஆழமானது” என்று உருகினார். தெருமுனையைப் பற்றி அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. ஒரு பெண் நான்கு வாரம் தொடர்ந்து வரவில்லை. அவரவர் சுதந்திரம் என்று யாரும் விசாரிக்கவில்லை, நானும்தான். மருத்துவமனையில் இருந்தாள் என்று பிறகு தெரிந்தது. அவளைப் போய்ப் பார்க்கும் முறை எவருடையது என்று எழுதிய தாள் எந்தச் சுவரிலும் இல்லை. நம்பிக்கையைக் கேட்காத சபை, வருகையையும் கேட்காமல் விட்டால் மிஞ்சுவது காபி மட்டும்தான்.

ஆகவே, ஒப்புக்கொள்ளச் சொல்லி எதையும் நீட்டாத சமயம் எளிதானது என்று நான் நினைக்கவில்லை. பிரமாணத்தைச் சொல்லிவிட்டால் நம்பிக்கைக்காரரின் கணக்கு ஓரளவு தீர்ந்துவிடுகிறது. வாக்குக் கொடுத்தவருக்கு ஒவ்வொரு வாரமும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. வருவது, பக்கத்தில் உட்காருவது, பெயரை நினைவில் வைப்பது, நோயில் கிடப்பவருக்குக் கஞ்சி கொண்டுபோவது. இவற்றையெல்லாம் ‘பெண்கள் வேலை’ என்று ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் ஆண்கள் இறையியல் எழுதினார்கள். இவையே சமயம் என்று ஒரு சபை அறிவித்தால், அதற்கு மரியாதை மட்டும் போதாது. வேலை பங்குபோடப்பட வேண்டும். இல்லையென்றால் பழைய சுமைக்குப் புதுப் பெயர் வைத்ததாகத்தான் ஆகும்.

போன வருடம் என் சித்தி இறந்தாள். தெருமுனையில் நான் நிற்கவில்லை, சுடுகாடுவரை நடந்தேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மாவுக்கும் இப்படி நடந்திருக்கலாமே என்ற எண்ணம் வழியெல்லாம் உறுத்திக்கொண்டு வந்தது.

அந்த மாணவிக்கு இப்போது என் பதில் இது. அவர்கள் கடவுளுக்காகப் போகிறார்களோ இல்லையோ, வருகிறேன் என்று சொன்னதற்காகப் போகிறார்கள். அதை வழிபாடு என்று சொல்லலாமா என்று கேட்டால், சொல்லலாம் என்பேன். ஆனால் எந்தச் சபைக்குள் போனாலும், கோயிலோ சர்ச்சோ பெண்ணிய வாசிப்பு வட்டமோ, முதலில் பிரசங்கத்தைக் கேட்காதே. சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளைப் படி.