பதினேழாவது நடை

விடிகாலையில் ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டும். முதல் ஷிப்ட்டுக்கு ஆட்கள் போவார்கள். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் கண் சொக்கத் திரும்புவார்கள். நேற்றும் இப்படித்தான், நாளையும் இப்படித்தான். போவதும் வருவதுமாகவே கழியும் நாட்களில் உள்ளுக்குள் ஏதேனும் கனியுமா?

2005-இல் டேவிட் பைன், ஜெர்ரி கோலப் முதலிய இயற்பியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள். நடுவே கெட்டியான திரவம். அதில் மூழ்காமலும் மிதக்காமலும் பொடிப்பொடியான பிளாஸ்டிக் மணிகள். உருளையை மெல்ல முன்னே திருப்பி, அதே அளவு பின்னே திருப்பினார்கள். வீச்சு சிறிதாக இருந்தவரை மணிகள் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தன. ஓர் எல்லையைத் தாண்டியதும் தடம் மாறி அலைந்தன.

மூன்றாண்டு கழித்து அதன் உட்பொருள் விளங்கியது. எல்லைக்குள் ஆட்டினாலும் முதலில் மணிகள் மோதத்தான் செய்கின்றன. மோதியவை சற்றே இடம் மாறுகின்றன. மோதாதவை அப்படியே இருக்கின்றன. போய்வரப் போய்வர மோதல் குறைந்து, ஒன்றை ஒன்று இடிக்காத ஒழுங்கு தானே அமைகிறது. யாரும் அடுக்கிவைப்பதில்லை. ஆனால் எல்லைக்கு அருகே செல்லச் செல்ல, அந்த அமைதி கூடிவர ஆகும் காலம் நீண்டுகொண்டே போகிறது.

ஒரகடத்துக்கு அருகிலுள்ள ஸ்ரீபெரும்புதூர், 1017-இல் ராமானுஜர் அவதரித்த ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருடைய 'தானுகந்த திருமேனி' எழுந்தருளியிருக்கிறது. மந்திரத்தின் பொருள் வேண்டி, திருவரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்கு அவர் பதினெட்டு முறை நடந்தார் என்பார்கள். வாசலில் நின்று "நான் ராமானுஜன் வந்திருக்கிறேன்" என்றபோதெல்லாம் அங்கிருந்த குரு, திருக்கோஷ்டியூர் நம்பி, திருப்பி அனுப்பினாராம். பதினெட்டாம் முறை "அடியேன்" என்ற சொல் வந்தது, பொருளும் கிடைத்தது. கிடைத்ததை அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், கோபுரத்தின் மேலேறி எல்லோருக்கும் சொன்னார்.

எல்லோரும் பதினெட்டாம் நடையைக் கொண்டாடுகிறோம். சந்நிதியில் கைகூப்பும்போது என் மனம் பதினேழாவதில் போய் நிற்கிறது. அதே வழி, அதே வெயில், அதே வெறுங்கை. அன்று திரும்பி நடந்தவருக்கு, பதினேழு நடையில் எதுவும் மாறவில்லை என்றே தோன்றியிருக்கும். ஆனால் மோத மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல்.

வெளியே அடுத்த ஷிப்ட்டுக்கான பஸ் புறப்படுகிறது.