தயிர்த் திருவிழா

குடகுக்கு டூர் போன எல்லோரும் பைலகுப்பேவுக்கும் போயிருப்பீர்கள். குஷால்நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'கோல்டன் டெம்பிள் சார்' என்று டிரைவர் வண்டியை நிறுத்துவார். உள்ளே தங்கநிறத்தில் மூன்று பிரமாண்டமான சிலைகள். அதன் முன்னால் நின்று ஒரு போட்டோ. வெளியே வந்து ஒரு பிளேட் மோமோ. கடையில் பேரம் பேசி ஒரு பிரார்த்தனைக் கொடி. முக்கால் மணி நேரத்தில் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவோம்.

நானும் இரண்டு தடவை அப்படித்தான் போய்விட்டு வந்தேன். மூன்றாம் தடவை ஃபேன் பெல்ட் அறுந்துபோய் வண்டி நின்றுவிட்டது. மெக்கானிக் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே போகிற சாலையில் நடந்தேன்.

ஒரு கூடத்திலிருந்து மத்தளமும் தாளமும் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஏழெட்டுப் பிள்ளைகள். எல்லாம் ஜீன்ஸ், டி-ஷர்ட். ஒரு பையன் பெங்களூரு ஐ.பி.எல். டீம் சட்டை போட்டிருந்தான். ஆனால் முகத்தில் நீல முகமூடி! கைகளை விரித்து, உடம்பைக் கிட்டத்தட்ட தரைக்குச் சாய்த்து, பம்பரமாகச் சுற்றினார்கள். ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர் ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். யாராவது தப்பாக அடி வைத்தால் கண்ணைத் திறக்காமலே 'ச்சு' என்றார். காதாலேயே பார்க்கிறவர் போலிருக்கிறது.

வாசலில் பிளாஸ்க்குடன் நின்ற ஓர் அம்மாவிடம் என் அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். "என்னம்மா, ஏதாவது விசேஷமா?"

அவர் என்னைவிட நூறு மடங்கு நல்ல கன்னடத்தில் பதில் சொன்னார். "விசேஷம் ஒண்ணும் இல்ல சார். ஆடலைன்னா மறந்துபோகும். அதனால ஆடறாங்க."

ஊர் திரும்பியும் அந்தப் பதில் என்னை விடவில்லை. மனுஷன் எதற்கு ஆடுகிறான்? அறுவடை முடிந்தது, ஆடுகிறான். கல்யாணம், ஆடுகிறான். சாமி வந்தது, ஆடுகிறான். மறந்துபோகாமல் இருப்பதற்காக ஆடுவது என்றால் அது ஆட்டமா, மருந்தா? இதைத்தான் இந்த வாரம் உங்களோடு கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாமென்று இருக்கிறேன்.

அவர்கள் ஆடியதற்கு அச்சே லாமோ என்று பெயர். 'அக்கா தேவதை' என்று சொல்லலாம். பாட்டும் வசனமும் ஆட்டமும் கலந்த நாடகம். நம் தெருக்கூத்து ராத்திரி முழுக்க நடக்கும். இது பகல் முழுக்க. வெட்டவெளியில் ஒரு பந்தல், சுற்றிலும் ஜனம். வாத்தியம் என்று ஒரு மத்தளமும் ஒரு ஜோடித் தாளமும்தான். நடுவில் வெண்தாடி வைத்த ஒரு சித்தரின் உருவத்தை வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள்.

அந்தச் சித்தரின் கதை சுவாரஸ்யமானது. தாங்தோங் கியால்போ என்று பெயர். பதினான்காம் நூற்றாண்டில் பிறந்தவர். சாமியார்தான், ஆனால் செய்த வேலை பாலம் கட்டுவது. திபெத்திலும் பூட்டானிலும் ஆறுகளுக்குக் குறுக்கே இரும்புச் சங்கிலிப் பாலங்களாகக் கட்டித் தள்ளினார். பணத்துக்கு என்ன செய்வது? பாலத்தில் வேலை செய்த ஏழு சகோதரிகள் நன்றாகப் பாடி ஆடுவதைக் கவனித்தாராம். அவர்களைச் சேர்த்து ஒரு குழுவாக்கி ஊர் ஊராக ஆடவைத்தார். வசூலில் பாலம் எழுந்தது. இப்படித்தான் லாமோ பிறந்தது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. சரித்திரப் பேராசிரியர்கள் ஒப்புக்கொள்வார்களோ என்னவோ, எனக்குப் பிடித்திருக்கிறது. ஆற்றைத் தாண்ட ஜனங்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது, அதற்காக ஆடினார்கள். கலையைக் காப்பாற்றுவது பற்றி யாரும் யோசிக்கவே இல்லை.

லாசாவில் இதற்கென்றே ஒரு திருவிழா உண்டு. ஷோதோன். 'ஷோ' என்றால் தயிர், 'தோன்' என்றால் விருந்து. கோடையில் புழுபூச்சிகளை மிதித்துவிடக் கூடாதென்று பிட்சுக்கள் மடத்தைவிட்டு வெளியே வராமல் விரதம் இருப்பார்கள். விரதம் முடிந்து வந்ததும் ஜனங்கள் தயிர் கொடுப்பார்கள். அந்தத் தயிர் விருந்தோடு பின்னாளில் நாடகமும் சேர்ந்துகொண்டது. தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நமக்கு, தயிர் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்க நாடகம் பார்க்கிற ஜாதி ஆச்சரியம்தான்.

1959 மார்ச்சில் தலாய் லாமா லாசாவைவிட்டு வெளியேறி இந்தியாவுக்குள் வந்தார். பின்னாலேயே பல்லாயிரம் பேர். பலர் இமயமலையில் ரோடு போடும் வேலைக்குப் போனார்கள். அடுத்த ஆண்டு அன்றைய மைசூர் மாநிலம் பைலகுப்பேயில் நிலம் கொடுத்தது. பனியில் வாழ்ந்தவர்கள் யானை நடமாடும் காட்டை வெட்டி, வெயிலில் சோளம் போட்டார்கள்.

இப்போது ஒரு தேதியைக் கவனியுங்கள். தலாய் லாமா இந்தியாவுக்குள் வந்த அதே 1959-இல், ஆகஸ்ட் மாதம் கலிம்போங்கில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். எதற்கு? பாட்டு, ஆட்டம், நாடகம் சொல்லிக்கொடுக்க! ஐந்தே மாதம். இருக்க வீடில்லை, நாளைக்குச் சோறு நிச்சயமில்லை. அந்தச் சங்கம்தான் இன்று தர்மசாலாவில் இருக்கிற திபெத்திய நிகழ்த்துகலை நிறுவனம். வீடு தீப்பிடித்தால் எதைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம் என்று ஒரு விளையாட்டு உண்டே, நகை என்போம், பத்திரம் என்போம். இவர்கள் பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்கள்.

கொண்டுவந்ததில் இன்னொரு வேடிக்கை. லாமோ நாடகங்களில் ஒன்று திரிமே குந்தேன் என்கிற இளவரசன் கதை. கேட்டதையெல்லாம் கொடுக்கிறவன். நாட்டின் அதிசய மணியைத் தானம் செய்துவிட்டான் என்று நாடுகடத்துகிறார்கள். போகிற வழியில் பிள்ளைகளை, மனைவியை, கடைசியில் கண்களையும் கொடுத்துவிடுகிறான். இது வேறொன்றுமில்லை, நம் புத்த ஜாதகக் கதையில் வருகிற வெசந்தரன்தான். நோர்சங் என்கிற இன்னொரு நாடகமும் இங்கேயிருந்து போன சுதனன் - மனோகரை கதை. என்றைக்கோ இந்தியாவிலிருந்து மலையேறிப் போன கதைகள், 1959-இல் அகதியாகத் திரும்பி வந்தன. நாடுகடத்தப்பட்டவன் கதையை நாடிழந்தவர்கள் ஆடுகிறார்கள். பார்க்கிறவர்கள் அழாமல் என்ன செய்வார்கள்?

சரி, கேள்விக்கு வருவோம். சொந்த மண்ணில் இருக்கிறவனுக்கு ஒரு சலுகை உண்டு. அவன் அலட்சியமாக இருக்கலாம். பழைய பாட்டை மறக்கலாம், பாதியில் ஒரு சினிமா மெட்டைச் செருகலாம், ஒரு வருஷம் ஆடாமலே விடலாம். ஒன்றும் குடிமுழுகாது, பக்கத்து ஊரில் யாராவது ஆடிக்கொண்டிருப்பார்கள். அகதிக்கு அந்த வசதி கிடையாது. அவன் ஓர் அடியை மாற்றினால் வளர்ச்சி என்று சொல்ல மாட்டோம், அழிவு என்போம். பைலகுப்பே பையன் கிடார் வாசித்தால் நமக்கே ஒரு ஏமாற்றம். நாம் போட்டோ எடுப்பதற்காக அவன் பழசாகவே இருக்க வேண்டுமாம்.

ஆனால் மாறாமல் எதுவும் இல்லை. லாசாவில் கோடையில் நடக்கிற ஷோதோனை தர்மசாலாவில் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் வாக்கில் நடத்துகிறார்கள். ஆகஸ்டில் அங்கே மழை கொட்டும். வெட்டவெளியில் எப்படி ஆடுவது? தெய்வக் கூத்தாக இருந்தாலும் கொஞ்சம் வானிலையையும் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பக்கம் திபெத்தில் என்ன ஆயிற்று? கலாசாரப் புரட்சியில் பழைய ஆட்டங்கள் ஒடுக்கப்பட்டன. பிறகு மெல்ல உயிர்த்தன. 2009-இல் சீனாவின் பெயரில் திபெத்திய நாடகம் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. ஆக, கலை இப்போது இரண்டு இடத்தில் பத்திரமாக இருக்கிறது. எது அசல் என்று கேட்டால் சண்டைதான் வரும். அதே 2009-இல் 'திபெத் இன் சாங்' என்று ஓர் ஆவணப்படம் சண்டான்ஸ் விழாவில் பரிசு வாங்கியது. எடுத்தவர் நவாங் சோபெல். குழந்தையாகத் தாயோடு தப்பி வந்து, கர்நாடகத்து முண்டகோடு முகாமில் வளர்ந்தவர். தர்மசாலாவில் இசை படித்தார். 1995-இல் கிராமத்துப் பாட்டுகளைப் பதிவு செய்ய கேமராவோடு திபெத்துக்குப் போனார். கைது. உளவு பார்த்தார் என்று 18 வருஷம் சிறைத் தண்டனை. மகனைக் கேட்டு அந்தத் தாய் தில்லித் தெருவில் உட்கார்ந்தார். 2002-இல்தான் விட்டார்கள்.

கிராமத்துப் பாட்டுக்காக ஆறு வருஷத்துக்கு மேல் ஜெயில். இதைப் படித்தபின் 'ஆட்டமா, மருந்தா' என்ற என் கேள்வி எனக்கே கொஞ்சம் அற்பமாகப் பட்டது.

இருந்தாலும் விடமாட்டேன். நவாங் சோபெல் தானாக விரும்பிப் போனார். அந்த நீல முகமூடிப் பையன்? அவனை யாராவது கேட்டார்களா? பார்த்தே இராத ஒரு நாட்டின் பாரத்தைப் பதிமூன்று வயதுத் தோளில் ஏற்றுவது நியாயமா? 'நீ ஆடாவிட்டால் ஓர் இனமே அழிந்துவிடும்' என்று சொல்லி ஆடவைப்பது ஒருவகை மிரட்டல் இல்லையா? பெரியவனாகட்டும், பிடித்தால் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமே?

இங்கேதான் முடிச்சு. அந்தச் சுழற்சி இருபது வயதில் வராது. உடம்பு வளைகிற வயதில் பழகினால்தான் உண்டு. ஆக, 'வேண்டாம்' என்று பின்னால் சொல்லும் சுதந்திரத்தை அவனுக்குக் கொடுக்க வேண்டுமானால், முன்னால் அவனைக் கேட்காமலே கற்றுக்கொடுத்தாக வேண்டும். தாய்மொழியை நம்மைக் கேட்டா கொடுத்தார்கள்? ஆனால் தாய்மொழியைக் கொடுக்கும்போது இது உன் கடமை என்று யாரும் சொல்லவில்லை, நிலாவைக் காட்டிச் சோறூட்டினார்கள். வித்தியாசம் அதில்தான் இருக்கிறதோ என்று நினைக்கிறேன். முழுக்கச் சரியா, தெரியவில்லை. நிலா தெரியாத இடத்தில் என்ன செய்வது என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இடைவேளையில் அந்த ஐ.பி.எல். சட்டைப் பையன் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தான். முகமெல்லாம் வேர்வை. அம்மா பிளாஸ்க்கைத் திறந்து அவனுக்கும் எனக்கும் டீ ஊற்றினார். உப்புப் போட்ட வெண்ணெய் டீ. முதல் வாய் கஷ்டம், இரண்டாவது பரவாயில்லை.

"பிடிச்சிருக்கா இந்த ஆட்டம்?" என்றேன்.

"உள்ள ரொம்ப வேர்க்குது அங்கிள்" என்றான்.

அடுத்த வருஷம் அவன் டொரன்டோவுக்குப் போகிறானாம், சித்தி வீட்டுக்கு. அங்கே நிறையத் திபெத்தியர்கள் இருக்கிறார்கள். அப்பாடா, அப்போ இதிலிருந்து விடுதலை என்று சிரித்தேன்.

அவன் முகம் சுருங்கியது. "எங்க அங்கிள்! அங்கயும் ஞாயித்துக்கிழமை கிளாஸ் இருக்காம்" என்றான்.

உள்ளேயிருந்து 'ச்சு' என்று சத்தம் வந்தது. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு ஓடினான்.