சும்மா இருப்பதற்கான உரிமை

கடந்த தீபாவளிக்கு மூன்று நாள் முன்னதாகவே மகள் கோலாலம்பூரிலிருந்து வந்துவிட்டாள். காலையில் நான் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "எங்கப்பா போறீங்க?" என்றாள். புந்தோங்கில் ஒரு கச்சாங் பூத்தே கடையில் அரைநாள் கணக்கெழுதுகிறேன் என்பதை அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"அறுவத்து மூனு வயசுல என்னாத்துக்குப்பா இந்த வேலை? நான் மாசாமாசம் அனுப்புறது பத்தலையா? பாக்குறவங்க என்னைப் பத்தி என்னா நெனப்பாங்க?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதுதான் சரி. ஏறக்குறைய இதே சொற்களை 2001ல் நான் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் 14 வயதில் பால்வெட்டத் தொடங்கியவர். அந்தத் தோட்டத்தில் 'ஓய்வு பெறுவது' என்ற பேச்சையே நான் கேட்டதில்லை. விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பெயர் கூப்பிடும்போது பதில் சொன்னால் அன்றைக்கு வேலை, இல்லையென்றால் இல்லை. கை நடுங்கத் தொடங்கிய கிழவர்கள் புல்வெட்டுக்குப் போனார்கள், கிழவிகள் ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்த்தார்கள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. அப்பாவின் பெயர் பெரட்டிலிருந்து நீங்கும்போது மகனுடைய பெயராவது அதில் இருக்க வேண்டும். அதனால் எங்கள் பக்கம் "சும்மா இருக்கான்" என்பது ஒரு மனிதனைப் பற்றிச் சொல்லக்கூடிய மோசமான வசவு. சும்மா இருப்பவன் வீட்டுக்கே ஆபத்து.

வயதான காரணத்துக்காகவே ஒருவர் வேலையை விட்டு உட்காரலாம், அப்போதும் அவருக்குப் பணம் வரும் என்ற ஏற்பாடு மனித வரலாற்றில் புதியது. ஜெர்மனியில் பிஸ்மார்க் முதியோர் காப்புறுதிச் சட்டம் கொண்டுவந்தது 1889ல். அதிலும் 70 வயதைத் தாண்ட வேண்டும். மலாயாவில் ஊழியர் சேமநிதி 1951ல் வந்தது. அரசாங்க ஊழியரின் ஓய்வூதியம் சாகும்வரை வரும். சேமநிதி தீரும்வரைதான் வரும். சேமநிதி என்பது சம்பளத்தில் ஒரு விழுக்காடு. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை என்றிருந்தவர்களின் சம்பளத்தில் விழுக்காடு எவ்வளவு சேரும்?

1996ல் தோட்டத்தை விற்றார்கள். அம்மாவுக்கு அப்போது 55. ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவர்களுக்கு ஓராண்டுக்கு இருபது நாள் சம்பளம் என்பது 1980ஆம் ஆண்டு விதி. அதையும் சேமநிதியையும் சேர்த்து ஈப்போவுக்கு வெளியே ஒரு மலிவு விலை வீடு வாங்கினோம். அன்று அந்த மாதிரி வீட்டின் விலை 25,000 வெள்ளி. குறைந்த பணத்துக்கு நான் கடன் போட்டேன். ஆக, நாற்பத்தோரு வருடம் பால் வெட்டியவரிடம் ஒரு வீடு இருந்தது, கையில் காசு இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஈப்போவில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவப் போனார். நான் அப்போது தொழிற்சாலை ஸ்டோரில் சூப்பர்வைசர் ஆகியிருந்தேன். 2001ல் ஒருநாள் கூட வேலை செய்பவர்களோடு அந்தக் கடைக்கே சாப்பிடப் போய்விட்டேன். பின்கட்டில் கை கழுவப் போனபோது அம்மா குந்தி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். கூட்டாளிகள் பார்த்துவிடுவார்களோ என்று நான் திரும்பி வந்துவிட்டேன். அன்று இரவு வீட்டில் சத்தம் போட்டேன். "மானம் போவுதும்மா. நான் சோறு போடலையா?" அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "சரிடா" என்றார். மறுநாளிலிருந்து போகவில்லை.

ஆனால் காலை நான்கு மணிக்கு எழுவது மட்டும் நிற்கவில்லை. எழுந்து, குளித்து, வாசலில் உட்கார்ந்திருப்பார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகும்போது என்னிடம் வந்து நிற்பார். "ஒரு அஞ்சு வெள்ளி இருந்தா குடேன். அர்ச்சனைக்கு." மங்கு கழுவிய காலத்தில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. என் பிள்ளைக்கு அவர்தான் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பார். ஐந்து வெள்ளி எனக்குப் பெரிதில்லை. கேட்பது அவருக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை நான் யோசிக்கவேயில்லை. 2009ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்தக் கதையை நான் பல வருடம் எனக்குள் ஒரே மாதிரிதான் சொல்லி வந்தேன். அம்மாவுக்கு வேலைதான் வாழ்வின் அர்த்தம், நான் அதைப் பிடுங்கிவிட்டேன் என்று. இப்போது அதில் பாதிதான் உண்மை என்று படுகிறது. அம்மா அர்த்தம் தேடி மங்கு கழுவப் போகவில்லை. கரண்ட் பில்லுக்கும் மூட்டு வலி மருந்துக்கும் போனார். ஈப்போவில் கார் நிறுத்துமிடங்களிலும் காவல் கூண்டுகளிலும் நம் வயதுக்காரர்களைப் பார்க்கிறோம். பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் அவர்களிடம் போய் "முதுமையில் உழைப்பு நோக்கத்தைத் தருகிறது" என்று சொன்னால் என்ன சொல்வார்கள்? நோக்கம் என்ற சொல்லை ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் எளிதாக உச்சரித்துவிட முடியும்.

நாட்டின் கணக்கும் அதைத்தான் காட்டுகிறது. 55 வயதில் 240,000 வெள்ளி இருக்க வேண்டும் என்பதைச் சேமநிதி வாரியம் பல ஆண்டுகள் அடிப்படை அளவாக வைத்திருந்தது. மாதம் ஆயிரம் வெள்ளி வீதம் இருபது வருடத்துக்கு அது வரும். என்னிடம் அவ்வளவு இல்லை. 2017ல் மகளின் படிப்புக்காக ஒரு பகுதியை எடுத்துவிட்டேன், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. கோவிட் காலத்தில் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட சேமிப்பு 145 பில்லியன் ரிங்கிட். என்னோடு வேலை செய்த இளையவர்கள் பலர் அதில் தங்கள் கணக்கை வழித்தெடுத்தார்கள். பசித்தவனிடம் இருபது வருடம் தள்ளி யோசி என்று யார் சொல்வது? 60 வயதுக்கு மேல் வேலை செய்கிறவருக்கு முதலாளி கட்டாயமாகக் கட்ட வேண்டியது 4 விழுக்காடுதான். அதற்குக் கீழ் வயதென்றால் 12 அல்லது 13. எங்கள் வேலையைச் சட்டமே பொழுதுபோக்காக நினைக்கிறதோ என்று சில சமயம் தோன்றும்.

சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் இதை வேறு கோணத்தில் பார்த்தார். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960ல், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். தனி மனிதனின் சம்பள விழுக்காடு அவனைக் காப்பாற்றாது, காலடி மண் சொந்தமாக இருந்தால்தான் கிழவனாகும்போது அதில் உட்காரவாவது முடியும் என்ற கணக்கு அது. எங்கள் தோட்டம் அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

அப்படியானால் நான் ஏன் புந்தோங்குக்குப் போகிறேன்? மகள் அனுப்புவதும் என் சேமநிதியும் சேர்ந்தால் சிக்கனமாக வாழ்ந்துவிடலாம். கடையில் வறுத்த கடலை வாசம் எனக்குப் பிடிக்கும், இளைஞர்களோடு பேசப் பிடிக்கும், மாதக் கடைசியில் கணக்கு சரியாக நிற்பதைப் பார்க்கப் பிடிக்கும். ஆனால் இவையெல்லாம் பிடித்திருப்பதற்குக் காரணம், நாளைக்கே "இனி வரலைங்க முதலாளி" என்று என்னால் சொல்லிவிட முடியும் என்பதுதான். அம்மா செய்ததும் உழைப்பு, நான் செய்வதும் உழைப்பு. வேண்டாம் என்று சொல்ல முடிகிறவருக்குத்தான் உழைப்பில் நோக்கம் என்று ஒன்று இருக்க முடியும். மற்றவர்களுக்கு அது பெரட்டின் தொடர்ச்சி.

தாயுமானவர் போன்றவர்கள் சும்மா இருப்பதை ஆகப் பெரிய நிலையாகச் சொன்னார்கள். அது அவர்கள் தேர்ந்துகொண்ட சும்மா. அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தது நான் உட்கார வைத்த சும்மா. தோட்டத்தில் வேலை செய் என்று சொன்னபோதும் அவரை யாரும் கேட்கவில்லை. வேலையை விடு என்று சொன்னபோது நானும் கேட்கவில்லை. மகன் என்ற பாசத்தில்தான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கங்காணி செய்த வேலையைத்தான் செய்திருக்கிறேன்.

தீபாவளி இரவு மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். ஐஸ்கிரீம் அவளுக்கு நினைவிருந்தது. "பாட்டிக்கு அந்த வேலை புடிச்சிருந்துச்சா?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. நான் கேக்கல."

கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான் அனுப்புறத நிறுத்திடவா?" என்றாள், பாதி விளையாட்டாக.

"நிறுத்தாத. நீ அனுப்புறதாலதான் எனக்கு அந்த வேலை புடிக்குது."

அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஊருக்குத் திரும்பும் நாளன்று காலையில் அவளே மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக் கொடுத்து, "இன்னிக்குப் போறீங்களாப்பா?" என்று கேட்டாள். அன்றைக்கு நான் போகவில்லை.