இரண்டு தகப்பன்மார்

(மைசூரில் ஒரு வீட்டுத் திண்ணை. குரு, ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர். சீடன், சட்டக் கல்லூரி மாணவன்.)

சீடன்: ஐயா, குண்டு வைப்பவன் யாரென்று அரசுக்குத் தெரிந்துவிட்டது, பிடிக்க வழியில்லை. பெயரை எழுதிவைத்துத் தீர்த்துக்கட்டினால் என்ன தப்பு? ஒபாமா காலத்தில் வெள்ளை மாளிகையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தார்களே!

குரு: அமெரிக்கா அப்புறம். முதலில் நம்ம ஊர்க் கதைக்கு வா. 1993 ஏப்ரல் 9, பாலாறு கண்ணிவெடி. 22 பேர் செத்தார்கள். வைத்தது சந்தனக் கடத்தல் வீரப்பன் கூட்டம். அதன்பிறகு காட்டோர ஊர்களில் அள்ளிக்கொண்டு வந்தவர்கள் மேல் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள். குற்றப்பத்திரிகையும் ஒரு பட்டியல்தானே?

சீடன்: பட்டியல்தான்.

குரு: 2001-இல் இங்கே இருந்த தடா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பெரும்பாலோர் விடுதலை, சிலருக்குத்தான் தண்டனை. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு 1993-லேயே சுட்டிருந்தால்?

சீடன்: நிரபராதிகள் செத்திருப்பார்கள்.

குரு: நிரபராதிகள் என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. 22 பேரைக் கொன்றவர்களை ஒழித்தாயிற்று என்று மெடல் குத்தியிருப்பார்கள். பட்டியலில் தப்பு இருக்கிறதென்று கோர்ட்டில்தான் வெளிப்படும். கோர்ட்டே வேண்டாமென்றால் எல்லாப் பட்டியலும் சரியான பட்டியல்தான்.

சீடன்: எட்டு வருஷம் உள்ளே கிடந்தார்களே. அதை நீதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குரு: எனக்கும் வரவில்லை. தடாவில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாக இருந்தது. வீரப்பனைத் தேடிய அதிரடிப்படை மாதேஸ்வரன் மலையில் வைத்திருந்த விசாரணைக் கூடத்துக்கு ஊர்க்காரர்கள் சொன்ன பெயர் ‘ஒர்க்‌ஷாப்’. தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்து, அங்கே நடந்த சித்திரவதையைப் பதிவுசெய்தது. மோதலில் செத்ததாகக் காட்டிய சில சாவுகளையும் சந்தேகத்துக்குரியவை என்றது. 2007-இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது. அவ்வளவு கோணல் சட்டத்திலும் கூண்டில் ஏறி ‘நான் இல்லை’ என்று சொல்ல முடிந்தது. செத்தவர்களுக்கு அதுவும் இல்லை.

சீடன்: வீரப்பன் யாரை வாய் திறக்க விட்டான்? சரணடையச் சொல்லிப் பேசப்போன வன அதிகாரி ஸ்ரீநிவாஸை 1991-இல் கொன்றானே.

குரு: அவனும் பட்டியல் வைத்திருந்தவன்தானப்பா. போலீசுக்குத் துப்புச் சொன்னதாகச் சந்தேகம் வந்தால் போதும், கதை முடிந்தது. அரசும் அதையே செய்தால் காட்டோரத்து ஜனம் எங்கே போகும்? துப்பாக்கியோடு எதிரே நிற்பவனைச் சுடச் சட்டம் இடம் தருகிறது. அதில் எனக்குத் தகராறு இல்லை. அடுத்த மாதம் யார் சாக வேண்டும் என்று இன்றைக்கு மேசையில் குறித்துவைப்பது தற்காப்பாகாது. அது தீர்ப்பு. தீர்ப்பென்றால் எதிர்த்தரப்பைக் கேட்க வேண்டும்.

சீடன்: பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

குரு: அப்படி ஒருவர் தானாகவே சொன்னார். மைசூர்க்காரர், அப்துல் கரீம். மகன் ஷகீல் அகமது, சப்-இன்ஸ்பெக்டர். 1992 ஆகஸ்டில் எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவோடு வீரப்பன் விரித்த வலையில் சிக்கிச் செத்தார். 2000-இல் நடிகர் ராஜ்குமாரைக் கடத்தி வைத்துக்கொண்டு வீரப்பன் கேட்டவற்றில் தடாக் கைதிகள் விடுதலையும் ஒன்று. கர்நாடக அரசு தடாக் குற்றச்சாட்டுகளை வாபஸ் வாங்கப் போனது. இங்குள்ள நீதிமன்றமும் அனுமதித்தது. கரீம் உச்ச நீதிமன்றம் போனார். யாரையும் சுடச் சொல்லவில்லை. வழக்கை நடத்துங்கள் என்றார். நவம்பரில் ஜெயித்தார்.

சீடன்: அவர் ஜெயித்ததால் குற்றமற்றவர்கள் இன்னும் ஒரு வருஷம் களி தின்றார்கள்.

குரு: தின்றார்கள். அதை மழுப்ப மாட்டேன். ஆனால் வெளியே வந்தபோது கோர்ட் விடுவித்தவர்களாக வந்தார்கள், ராஜ்குமாருக்குக் கொடுத்த விலையாக இல்லை. இனி உன் அமெரிக்காவுக்குப் போவோம். நாசர் அல்-அவ்லாகி, ஏமன்காரர். மகன் அன்வர் அமெரிக்கக் குடிமகன், அல்-காய்தா பிரசாரகர். மகன் பெயர் கொலைப் பட்டியலில் இருப்பதாகத் தெரிந்து 2010-இல் வாஷிங்டனில் வழக்குப் போட்டார். மகனுக்காக வழக்காட உமக்கு உரிமையில்லை என்று தள்ளிவிட்டார்கள். 2011 செப்டம்பர் 30, ட்ரோன் தாக்குதலில் மகன் போனான். இரண்டு வாரத்தில் இன்னொரு ட்ரோன்; 16 வயதுப் பேரனும் போனான்.

சீடன்: பேரன் பெயரும் பட்டியலில் இருந்ததா?

குரு: அவனைக் குறிவைக்கவில்லை என்று 2013-இல் அமெரிக்க அரசே எழுதிக்கொடுத்தது. தாத்தா அதற்கு முன்பே மறுபடி கோர்ட்டுக்குப் போயிருந்தார். 2014-இல் அதுவும் தள்ளுபடி.

சீடன்: நாளைக்கு ஒரு தகப்பன் என்னிடம் வந்து, ‘என் பையனை மோதல் என்று சொல்லிச் சுட்டுவிட்டார்கள்’ என்றால்?

குரு: 2014-இல் நம் உச்ச நீதிமன்றம் மோதல் சாவுகளுக்கு 16 விதிகள் போட்டது. முதலில் எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா என்று பார். விசாரித்தது சி.ஐ.டி.யா, வேறு ஸ்டேஷன்காரர்களா, சுட்டவர்களேவா என்று கேள்.

சீடன்: காகிதம் தர மறுத்தால்?

குரு: மாஜிஸ்ட்ரேட் விசாரணை நடந்தாக வேண்டும். அங்கே போய் நில். தகப்பனையும் கூட்டிக்கொண்டு போ.