மனித உரிமைன்னா எந்த ஆபீசு சாமி?

மேல்படிப்புக்கு மனித உரிமை எடுத்திருக்கிறேன் என்று நான் சொன்னபோது எங்கம்மா தார் சுத்திக்கொண்டிருந்தது. பள்ளிபாளையம் பக்கத்தில் ஒரு தறிப்பட்டறை. தறிச் சத்தத்தில் நான் சொன்னது காதில் விழவில்லை. இன்னொரு தடவை கத்திச் சொன்னேன். "அது எந்த ஆபீசு சாமி?" என்று கேட்டது.

வாத்தியாருக்குப் படிச்சா பள்ளிக்கூடம், மாட்டு டாக்டருக்குப் படிச்சா மாட்டாஸ்பத்திரி, கணக்குப் படிச்சா பேங்கு. ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு ஆபீசு உண்டு என்பது அம்மா அறிந்த உலகம். பட்டறைக்காரரிடம் வாங்கிய முன்பணம் வருசக்கணக்கில் கழிந்தபாடில்லை. என் படிப்புதான் அந்தக் கணக்கைத் தீர்க்கும் என்று நம்பியிருந்த மனுசி. அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை.

இந்தப் படிப்பு நம் பக்கம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. இந்தியாவில் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1993இல். அதே ஆண்டு தேசிய ஆணையம். தமிழ்நாட்டுக்கு மாநில ஆணையம் 1997இல். 1995 முதல் 2004 வரையிலான ஆண்டுகளை மனித உரிமைக் கல்விக்கான பத்தாண்டு என்று ஐ.நா. அறிவித்திருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு நிதி ஒதுக்கியது. சான்றிதழ், பட்டயம், முதுகலை என்று பாடங்கள் முளைத்தன. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் இதற்கென்று தனிப் பாடமே உண்டு. பெயர், 'மனித உரிமைகளும் கடமைகளும்'. அந்தக் 'கடமைகளும்' என்பதைக் கவனிக்க வேண்டும். ஈராயிரம் ஆண்டாகக் கடமையை மட்டுமே படித்து வந்தவர்கள் நாம். உரிமையைப் படிக்க வந்த இடத்திலும் கடமை வாசலில் உட்கார்ந்திருந்தது.

இதில் வந்து சேர்ந்தவர்கள் யார்? என்னோடு படித்தவர்களில் பெரும்பகுதி ஆதிதிராவிடர் விடுதிப் பிள்ளைகள். கேட்ட பாடம் கிடைக்காமல் வந்தவர்கள் சிலர். ஊரில் ஒரு அடி வாங்கி, அதற்குப் பதில் தேடி வந்தவர்கள் சிலர். வெளியே வந்த பிறகு நாலு வழியில் பிரிந்தோம்.

முதல் வழி, தொண்டு நிறுவனம். களப்பணியாளர் என்று பெயர். திட்டம் ஓடும்வரை சம்பளம். வெளிநாட்டு நிதிச் சட்டம் 2010இல் புதிதாக இறுக்கப்பட்டது. ஒரு நிறுவனம் தான் வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிரக் கூடாது என்று 2020 திருத்தம் தடுத்துவிட்டது. பெரிய நகரத்துப் பெரிய அமைப்பிடம் கொஞ்சம் வாங்கி ராசிபுரத்திலும் ஆத்தூரிலும் வேலை செய்யக்கூடிய சின்ன அமைப்புக்கு அந்த வாய்க்கால் அடைபட்டது.

இரண்டாவது, சட்டம். மூன்று வருசம் பி.எல்., பிறகு ஜூனியராகச் சீனியருக்குக் கட்டுத் தூக்குவது. முதல் சில வருசம் பேருந்துக் காசுக்கே திண்டாட்டம். வீட்டில் சோறு இருக்கிறவனுக்குத்தான் அந்த வழி நீளும்.

மூன்றாவது, அரசு வேலை. தேர்வாணையத் தேர்வுக்கு ஏதோ ஒரு பட்டம் போதும். அந்த ஏதோ ஒன்றாக மனித உரிமை ஆகிவிட்டது.

நான்காவது வழியைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு தம்பி நூல் மில்லில் சேர்ந்தான். "என்னப்பா வேலை?" என்றேன். "எச்.ஆர். தாண்ணா. படிச்சதும் எச்.ஆர்., பாக்குறதும் எச்.ஆர்." என்றான். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்றுதான். படித்தது மனித உரிமை. பார்க்கிறது மனித வளம். வேலைக்கு வராத பெண்ணின் சம்பளத்தைப் பிடித்தம் செய்து எழுதுவது அவன் பேனா.

நான் முதல் வழியில் போய் மூன்றாவது வழியில் கரையேறியவன். ஏன் என்பதைச் சொல்ல வேண்டும்.

சேலம் பக்கத்தில் ஒரு கிராமம். திருவிழாத் தகராறில் காலனிக்குள் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கியிருந்தார்கள். நான் வேலை பார்த்த நிறுவனத்துக்கு அறிக்கை எழுதப் போயிருந்தேன். ஒரு அக்கா ஓடு உடைந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாம் சொன்னது. எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது கேட்டது: "இத எழுதிக் குடுத்தா உனக்குச் சம்பளம் வருமா கண்ணு?"

"வருங்க்கா."

"எனக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுத்தவர் வலியை எழுதிக் கூலி வாங்குகிறோமே என்ற உறுத்தல். கொஞ்ச நாளில் அந்த வேலையை விட்டேன். இளநிலை உதவியாளராக ஒரு அரசு அலுவலகத்தில் சேர்ந்தேன். அம்மாவின் முன்பணத்தை அடைத்தது அந்தச் சம்பளம்தான். மனித உரிமைப் பட்டம் அல்ல.

இப்போது யோசித்தால், நான் உறுத்தப்பட்ட இடமே தப்பு என்று தோன்றுகிறது. நோயாளி இருப்பதால்தான் டாக்டருக்குச் சம்பளம். அதை யாரும் பாவம் என்பதில்லை. அவர் வாங்குகிற கூலிக்கு மருந்து தருகிறார், நோயாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவராக இருக்கிறார். நான் வாங்கிய கூலிக்கு ஒரு அறிக்கை தந்தேன். அந்த அறிக்கை போனது நிதி கொடுத்தவருக்கு. அந்த அக்காவுக்கு நான் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. என் வெட்கம் சம்பளத்தைப் பற்றியதாக இருந்தது. யாருக்குப் பதில் சொல்கிறேன் என்பதைப் பற்றியதாக அது இருந்திருக்க வேண்டும்.

நம் கூட்டங்களில் ஒரு வசவு உண்டு. "படிச்சவன் எல்லாம் துரோகி. வேலை கிடைச்சதும் சேரிய மறந்துட்டான்." இதற்குச் சாட்சியாக 1956 மார்ச் 18 அன்று ஆக்ராவில் அம்பேத்கர் பேசியதை எடுத்து வைப்பார்கள். படித்தவர்கள் தன்னைக் கைவிட்டுவிட்டதாக அவர் அங்கே மனம் நொந்து பேசியது உண்மை. ஆனால் அவர் வாழ்க்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். படித்து முடித்துப் பத்தாண்டு வேலை செய்வதாக பரோடா சமஸ்தானத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் 1913இல் கொலம்பியாவுக்குப் போனார். 1917இல் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதியிலிருந்து துரத்தப்பட்டார். 1918இல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியர். 1923இல் வக்கீல் தொழில். 1924இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா. ஒரு கையில் சம்பாத்தியம், ஒரு கையில் இயக்கம். பட்டினி கிடந்தால்தான் போராளி என்று அவர் வாழ்ந்து காட்டவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஊர்த் தெருவிலிருந்து என்ஜினியரிங் படித்துப் போகிற பையனிடம் "உன் சாதிக்கு என்ன செய்தாய்?" என்று யாரும் கேட்பதில்லை. அவன் வீடு வாங்கலாம், கார் வாங்கலாம். நம் பிள்ளை சம்பளம் வாங்கினால் மட்டும் கணக்குக் கேட்கிறோம். சாக்கடை அள்ளுவது பிறப்பால் வந்த தொழில் என்றார்கள். சம்பளமில்லாத சேவையும் பிறப்பால் வந்த கடன் என்று நாமே சொன்னால் அது இன்னொரு வருணம் ஆகாதா?

சரி, யாரும் செய்ய வேண்டாம், அவரவர் வயிற்றைப் பார்ப்போம் என்று விட்டுவிடலாமா? விட முடியாது. நம் மண்ணிலேயே அதற்குக் காரணம் கிடக்கிறது.

ஓமலூர்ப் பையன் கோகுல்ராஜ். என்ஜினியரிங் முடித்தவன். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்கு, கூடப் படித்த ஆதிக்க சாதிப் பெண்ணோடு போனான். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல். தற்கொலை என்று முடித்துவிடப் பார்த்த சாவு அது. அதிலிருந்து தீர்ப்பு வரை நடந்த வேலையை எண்ணிப் பாருங்கள். பிரேதப் பரிசோதனை முறையாக நடக்க வேண்டும் என்று நிற்க வேண்டியிருந்தது. கோயில் கேமராப் பதிவுகள் சாட்சியமாக வேண்டியிருந்தது. முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும் வழக்கு விழாமல் நிறுத்த வேண்டியிருந்தது. நாமக்கல்லில் நியாயம் கிடைக்காது என்று தாய் மனுப் போட்டு, 2019இல் வழக்கு மதுரைக்கு மாறியது. 2022 மார்ச்சில் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகளே கோயிலுக்கு நேரில் வந்து பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று தீர்ப்பை உறுதி செய்தார்கள். இருவரின் தண்டனை மட்டும் குறைந்தது. எட்டு வருசம். ஒரு தாயும் ஒரு வக்கீலும் மட்டும் இழுக்கிற தேர் அல்ல அது. கூடவே போகிறவர்கள், படித்துச் சொல்கிறவர்கள், சாட்சிக்குத் துணை நிற்கிறவர்கள் வேண்டும். மனித உரிமைப் படிப்பு என்பது இந்த வேலைக்கான படிப்புத்தான்.

அரசு வேலைக்குப் போனவர்கள் தப்பித்தவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. அந்த வழக்கை விசாரித்த திருச்செங்கோடு டி.எஸ்.பி. விஷ்ணுப்பிரியா நம் வீட்டுப் பெண். 2015 செப்டம்பர் 18 அன்று முகாம் அலுவலகக் குடியிருப்பில் பிணமாகக் கிடந்தார். அந்தச் சாவின் விசாரணை சி.பி.ஐ. வரை போனது. காக்கி உடுப்பும் பதவியும் இருந்தும், அழுத்தத்தில் தனியாகத்தான் நின்றார் என்று அப்போது நாம் எல்லோரும் பேசினோம். அவர் உயிரோடு இருந்தபோது போய்ப் பக்கத்தில் நின்றவர்கள் எத்தனை பேர்?

எந்த வழியும் முழுக்கச் சுத்தமில்லை, எந்த வழியும் முழுக்கத் துரோகமுமில்லை என்று இதிலிருந்து எனக்குப் படுகிறது. எங்கே வேலை பார்த்தாலும், அடிபட்டவர் வந்து நிற்கும்போது அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன் என்று நினைக்கிறேனா என்பதுதான் கேள்வி.

இதைத் தனி மனிதரின் மனசாட்சிக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் 15அ என்ற பிரிவு சேர்ந்தது. பாதிக்கப்பட்டவர் தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வக்கீல் ஆகியோரின் உதவியைப் பெறுவது அவர் உரிமை என்கிறது அது. 1995 விதிகளின்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். 1993 சட்டம் மாவட்டந்தோறும் மனித உரிமை நீதிமன்றத்துக்கும், அதற்குத் தனி அரசு வக்கீலுக்கும் வழி சொல்கிறது. நிவாரணத் தொகையை 2016 விதி 85,000 ரூபாயிலிருந்து 8,25,000 வரை என்று வைத்தது; பல குற்றங்களுக்கு அதில் ஒரு பங்கு முதல் தகவல் அறிக்கை பதிவானதுமே தரப்பட வேண்டும். அந்த அறிக்கையின் நகலுக்குப் புகார் கொடுத்தவர் ஒரு பைசா தர வேண்டியதில்லை.

உதவி பெறுவது உரிமை என்று எழுதிய சட்டம், உதவி செய்கிறவருக்குக் கூலி யார் தருவது என்று எழுதாமல் விட்டது. நம் பிள்ளைகள் அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார்கள். ஆகவே கேட்க வேண்டியது இது: ஒவ்வொரு வன்கொடுமைத் தனி நீதிமன்றத்திலும், ஒவ்வொரு கண்காணிப்புக் குழுவிலும் பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்கும் பணியிடம் வேண்டும். மனித உரிமை படித்தவருக்கு அதில் முன்னுரிமை வேண்டும். சம்பளம் அரசு தரட்டும். அவர் வேலையைச் சரியாகச் செய்தாரா என்று சொல்கிற உரிமை பாதிக்கப்பட்டவருக்கு இருக்கட்டும். கருணையாக வேண்டாம், பணியிடமாக வேண்டும். பல்கலைக்கழகம் நடத்தும் பாடத்துக்கு அரசு வேலை வைக்காமல் இருப்பது, நம் பிள்ளைகளின் இரண்டு வருசத்தைத் திருடுவதுதான்.

அது வரும்வரை? மில் தம்பி போன மாதம் போன் பண்ணினான். வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டான். வீட்டுக் கடன் எவ்வளவு என்று கேட்டேன். சொன்னான். விடாதே என்றேன். ஆனால் சம்பளப் பிடித்தத்துக்குக் காரணம் கேட்டு வருகிற பெண்ணிடம் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று நாலு வார்த்தை சொல்லி அனுப்பு, யாரிடம் மனுக் கொடுக்கலாம் என்று சொல்லு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "தெரிஞ்சா என்னைய வெளிய அனுப்பிருவாங்கண்ணா" என்றான். அதுவும் உண்மைதான். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனை அனுப்பிவிட்டால் அவன் வீட்டுக் கடனுக்கு நாம் என்ன செய்வோம் என்று நம்மில் யாரும் இதுவரை உட்கார்ந்து பேசியதில்லை.

அதைப் பேசத்தான் இதை எழுதினேன். இந்தப் படிப்பைப் படித்த தோழர்கள் எழுதுங்கள். இப்போது என்ன வேலை, என்ன சம்பளம், கடைசியாக யாருக்காகக் காவல் நிலையப் படி ஏறினீர்கள், ஏறவில்லை என்றால் எது தடுத்தது? வெட்கப்படாமல் எழுதுங்கள். அம்மா கேட்ட கேள்விக்கு ஒரு ஆள் பதில் சொல்ல முடியாது.