கொடியும் மலரும்

சபா மாநிலத்தில், கினபாலு மலைச்சாரலை அடுத்த ரானாவ் வட்டாரத்தில் போரிங் வெந்நீர் ஊற்று உள்ளது. பள்ளி விடுமுறை வந்துவிட்டால் அங்குக் குடும்பங்கள் திரள்கின்றன. கந்தகம் கலந்த நீரில் கால்களை அமிழ்த்தி, அலுப்பு நீங்கி மகிழ்வோர் பலர். ஆயினும் அவ்வூருக்குப் பெயர் தந்தது வெந்நீர் அன்று, மூங்கில். டூசுன் மக்கள் பெருமூங்கில் வகை ஒன்றுக்கு இட்ட பெயரே போரிங் என்பது.

மூங்கில் வீடாகும், வேலியாகும். உண்ணவும் கட்டவும் உதவாத ஒன்றும் அவ்வட்டாரக் காட்டில் உண்டு. அதுவே ரஃப்ளேசியா. அதற்கு இலை இல்லை, தண்டு இல்லை, வேரும் இல்லை. திராட்சைக் குடும்பத்தைச் சார்ந்த டெட்ராஸ்டிக்மா என்னும் காட்டுக்கொடியினுள் மெல்லிழைகளாய்ப் பரவி, அக்கொடியின் உணவையே உண்டு வாழ்கிறது. மொட்டு முதிரப் பல மாதங்கள் ஆகும். மலர்ந்ததோ ஏறத்தாழ ஒரு வாரத்தில் கருகிவிடும். அதன் நாற்றம் அழுகிய இறைச்சியை ஒத்தது. அந்நாற்றத்தை நாடி வரும் ஈக்களே மகரந்தத்தைச் சுமக்கின்றன.

தம் நிலத்தில் மொட்டைக் கண்ட சிற்றூர் மக்கள் அதனைக் காத்து, மலர்ந்தபின் காண வருவோரிடம் கட்டணம் பெறுகின்றனர். 'இயற்கையை விலை பேசுவதா? பொருளுக்காகக் காப்பது அறமாகுமா?' என வினவுவோர் உளர்.

வினா தக்கதே. ஆயினும் வினவுவோரின் நிலையையும் எண்ணுதல் வேண்டும். ஒரு நாள் வந்து செல்பவனுக்குக் காடு ஒரு காட்சி. அங்கு வாழ்பவனுக்கோ அது வாழ்வு. கொடியை வெட்டிப் பயிரிட்டால் அவன் வீட்டில் அடுப்பு எரியும். வெட்டாது விட்டவனின் இழப்பை ஈடு செய்யாமல் அவனுக்கு அறம் உரைப்பது, பிறர் பொருளைக் கொண்டு தான் தானம் செய்வதற்கு ஒப்பாகும். ஆதலின் கட்டணம் பிழையன்று.

பிழை வேறோரிடத்தில் நேரக்கூடும். மலருக்குக் காவலிருப்பவன் மலராத கொடியை மறந்துவிடலாம். வெறுங்கொடியைக் காணக் காசு கொடுப்பார் இல்லை. ஈக்களைப் போற்றுவாரும் இல்லை. ஆனால் அவை இன்றேல் நாளைய மலரும் இல்லை. 1964இல் அமைந்த கினபாலு பூங்கா 2000ஆம் ஆண்டில் உலக மரபுச் சொத்தாக ஏற்கப்பட்டது. அதன் எல்லைக்குள் காடு முழுமையும் காக்கப்படுகிறது. எல்லைக்கு வெளியே, தனியார் நிலத்தில் படரும் கொடிக்கு நிலத்துக்குரியவனின் மனமே காவல்.

பயன் கருதிக் காப்பது அறத்தின் முதற்படி. அப்படியிலேயே நின்றுவிடுபவன், பயன் தீர்ந்த அன்றே கத்தியை எடுப்பான். பயன் புலப்படாதபோதும் வெட்டத் துணியாத நெஞ்சமே அறத்தில் நிலைபெற்றதாகும். தேர்வில் முதன்மை பெற்றவரின் படத்தை மட்டும் சுவரில் மாட்டி, ஏனையோரை மறந்துவிடும் பள்ளிக்கும் இவ்வுண்மை பொருந்தும் அன்றோ?

விடுமுறையில் மாணவரைப் போரிங்கிற்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் மலரைக் காட்டட்டும். காட்டிய பின், கூட்டம் கலைந்த இடத்தில் சற்றே நின்று, அம்மலரைத் தாங்கும் கொடியையும் காட்டட்டும்.