கமக்காரக் குடும்பத்தின் செல்வம் எது?

சேக்கிழார் சுவாமிகள் போற்றிய இளையான்குடிமாற நாயனார் உழவுத் தொழில் செய்தவர். செல்வமெல்லாம் சுருங்கிய காலத்தில், மழை பெய்த ஓரிரவு இறைவன் அடியார் வேடத்தில் வந்தபோது வீட்டில் ஒரு பிடி அரிசியும் இல்லை. பகல் விதைத்த நெல்லை வாரி வரலாமென வழி சொன்னவர் மனைவியார். நாயனார் இருளில் சென்று அள்ளி வந்தார். விறகுக்குக் கூரை வரிச்சை அறுத்துக் கொடுத்தார். வரும் போகத்து விளைவையே கொடுத்த அம்முடிவு இருவரும் சேர்ந்து எடுத்தது என்பது கவனிக்கத்தக்கது.

இன்று எத்தனை பரப்பு நடுவது, எந்த மருந்து அடிப்பது என்பன நம் இல்லங்களில் பேசப்படுகின்றன. எதற்காக இவ்வளவும் என்பது பேசப்படுவதில்லை. சந்தைக்குப் போகும் பயிருக்கு நஞ்சு அடித்துவிட்டு, வீட்டுச் சமையலுக்கென மருந்தடியாத பாத்தியொன்றைத் தனியே வைத்திருப்போரும் உண்டு. தம் பிள்ளைக்கு ஆகாதது அயலான் பிள்ளைக்கு எப்படி ஆகும்? யாழ்ப்பாணக் குடாநாடோ சுண்ணக்கல் நிலம். மிஞ்சி இட்ட யூரியாவின் நைத்திரேற்று கீழிறங்கி அதே வீட்டுக் கிணற்றுக்கே வரும். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேலும் காணப்பட்டிருக்கிறது. பாத்தியைத் தனியே வைக்கலாம், நிலத்தடி நீரை அப்படி வைக்க முடியாதே.

உரத்தையும் மருந்தையும் குறைத்தால் விளைச்சல் குறையும், கடன் காத்திருக்காது என்பார்கள். அதுவும் உண்மையே. எனினும் வெங்காயம் நடுமுன் ஒரு மாலை குடும்பமாக இருந்து, எவ்வளவு கிடைத்தால் போதும், எதைச் செய்து அதைத் தேடுவதில்லை என்று பேசிக்கொள்ள எந்தக் கடன்காரனும் தடைசெய்யப் போவதில்லை.